கத்தரிக்கப்பட்ட போர்

ஹேஸ்டிங்ஸ் போரின் (1066) 900ஆம் ஆண்டுக்குப் பிரிட்டன் 1966இல் எட்டு அஞ்சல்தலைகள் வெளியிட்டது. போரில் செத்தவன் இங்கிலாந்து மன்னன் ஹெரால்டு. வென்றவன் நார்மண்டியிலிருந்து படையெடுத்து வந்த வில்லியம். தோற்ற நாடே தோல்வியைக் கொண்டாடுவானேன்? முடியாட்சி தன் வரிசையை வில்லியத்திடமிருந்துதானே எண்ணுகிறது! எட்டிலும் எலிசபெத் ராணியின் தலை.

படங்கள் பேயோ சித்திரத்துணியைத் தழுவியவை. சுமார் 70 மீட்டர் நீளமுள்ள அத்துணி வென்றவர் தரப்புக் கதைதான். ஆனாலும் படையினர் கொளுத்தும் வீட்டின்முன் குழந்தையோடு நிற்கும் ஒரு பெண்ணுக்கு அதில் இடமிருந்தது. அஞ்சல்தலைகளில் கப்பல் வந்தது, குதிரைகள் வந்தன, அவள் வரவில்லை. துணியைத் தைத்தவர்கள் பெண்கள் என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. அவர்கள் ஊசியில் பதிந்தவளை அரசின் கத்தரி வெட்டிவிட்டது. 'சின்ன ஸ்டாம்புல எல்லாத்தையும் காட்ட முடியுமா?' என்பார்கள். சரி, குதிரைக்கு மட்டும் எப்படி இடம் கிடைத்தது?