மூடிய அறையில் ஒரு விசாரணை

1954 ஜூனில் அமெரிக்க அணுசக்தி ஆணையம் ஒரு விசாரணையின் பதிவை நூலாக வெளியிட்டது. ஏறத்தாழ ஆயிரம் பக்கங்கள். லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்து அணுகுண்டை உருவாக்கிய ராபர்ட் ஓப்பன்ஹைமரை, அணு இரகசியங்களைப் பார்க்க இனியும் அனுமதிக்கலாமா என்பதே வழக்கு. விஞ்ஞானம் பயிலும் மாணவர் இந்நூலைப் படித்தால் எரிச்சலே அடைவார்.

1943-இல் ஓப்பன்ஹைமர் ஒரு பாதுகாப்பு அதிகாரியிடம் பேசியது, அவர் அறியாமல் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. நண்பரின் பெயரை மறைத்து அன்று அவர் சொன்னது கட்டுக்கதை. இதை அவரே விசாரணையில் ஒப்புக்கொண்டார். அதற்காக நான் பரிந்து பேசவில்லை. ஆனால், பதினோர் ஆண்டுக்கு முந்தைய அந்தப் பேச்சைப் பற்றி அவர் நினைவிலிருந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆணைய வழக்கறிஞர் ரோஜர் ராபின் கையில் ஒலிப்பதிவின் எழுத்துப்படி இருந்தது. ஒருவர் தம் வாயால் சொன்னதை அவரிடமிருந்தே மறைப்பதில் என்ன நாட்டுப் பாதுகாப்பு?

விசாரணைக் குழுவினர் மூவரும் உளவுத்துறைக் கோப்புகளை முன்கூட்டியே படித்திருந்தனர். ஓப்பன்ஹைமரின் வழக்கறிஞருக்கு அவை காட்டப்படவில்லை. இரகசியத் தாள்கள் வாசிக்கப்படும்போது அவர் வெளியே போக வேண்டும். வழக்கறிஞரோடு ஓப்பன்ஹைமர் பேசியதை உளவுத்துறை ஒட்டுக்கேட்டு, ஆணையத் தலைவர் ஸ்ட்ராஸுக்கு அனுப்பி வந்தது. இது நூலில் இல்லை, பின்னாளில் வெளிவந்தது. அளவீடுகளைப் பூட்டி வைத்துக்கொண்டு ‘உன் விடை தவறு’ என்று ஒருவர் சொன்னால், எந்த ஆய்வுக்கூடத்தில் ஏற்பார்கள்?

உளவாளிகள் இல்லாமல் இல்லை. லாஸ் அலமாஸில் வேலை செய்த கிளாஸ் ஃபூக்ஸ், சோவியத்துக்கு இரகசியம் கொடுத்ததை 1950-இல் ஒப்புக்கொண்டார். எனவே எச்சரிக்கை நியாயமே. ஆனால் குண்டின் அமைப்பை மறைப்பது வேறு, குற்றச்சாட்டின் ஆதாரத்தை மறைப்பது வேறு. நூல் வெளிவந்த விதமும் வேடிக்கைதான். ஆணையம் தானாக எதையும் வெளியிடாது என்று சாட்சிகளிடம் சொல்லிவிட்டு, அவர்கள் சொன்னதை அச்சேற்றினார்கள்!

குழு 2–1 என்றும், ஆணையம் 4–1 என்றும் ஓப்பன்ஹைமருக்கு எதிராக முடிவு செய்தன. அவர் நாட்டுப்பற்றுடையவர் என்று குழுவே எழுதியபின் வந்த முடிவு அது. குழுவில் மாறுபட்டவர் வேதியியலாளர் வார்டு எவன்ஸ். ஆணையத்தில் இயற்பியலாளர் ஹென்றி ஸ்மித். இரண்டு அவையிலும் இருந்த ஒரே விஞ்ஞானி அவரவர்தாம்.

நூலில் நீக்கப்பட்டிருந்த பகுதிகள் 2014-இல்தான் வெளிவந்தன. ஆணையம் தன் விதிகளையே மீறியது என்று கூறி, 2022 டிசம்பரில் அமெரிக்க எரிசக்தித் துறை அந்த முடிவை ரத்துச் செய்தது. ஓப்பன்ஹைமர் 1967-இலேயே இறந்துவிட்டார். இத்தனைக்கும் அவருடைய ஒப்பந்தம் 1954 ஜூன் 30-இல் தானாகவே முடிய இருந்தது. ஆணையம் தீர்ப்பளித்தது ஜூன் 29-இல்.