பெரிய ஷோரூமா, சின்னக் கடையா? இரு கரைகளில் கார் முன்பதிவு

புதிய கார் வாங்கப் போகிறவருக்கு அறிவுரை சொல்ல ஆள் பஞ்சமில்லை. “பெரிய டீலரிடமே போ, பணம் பத்திரம்” என்பார் ஒருவர். “தெரிந்த சின்ன இடமாகப் பார், முகம் கொடுத்துப் பேசுவான்” என்பார் இன்னொருவர். மதுரையிலும் இந்த வாதம் நடக்கிறது, யாழ்ப்பாணத்திலும் நடக்கிறது. ஆனால் மதுரையில் பெரிய கடையும் சின்னக் கடையும் ஒரே கம்பெனியின் ஒரே காரை விற்கின்றன. யாழ்ப்பாணத்துக்காரர் முன் இருப்பவையோ இரண்டு வேறு சந்தைகள்: அங்கே கார் வரும் வழி வேறு, காசு போகும் வழி வேறு. அதனால் ஒரு கரையின் அறிவுரை மறு கரைக்கு அப்படியே பொருந்துவதில்லை.

முன்பதிவுக்குக் கட்டும் பணம் ஒரு வகையில் நாம் கடைக்குக் கொடுக்கும் கைமாற்று. கைமாற்றுக் கொடுப்பவர் கேட்கும் கேள்விகளை இங்கும் கேட்க வேண்டும். பணம் யார் பெயரில் நிற்கிறது? திரும்பி வரும்வரை நேரும் நட்டம் யார் தலையில் விழும்?

முதலில் இந்தியா. இங்கே விற்கும் கார்களில் மிகப் பெரும்பாலானவை உள்நாட்டில் தயாரானவை. இருங்காட்டுக்கோட்டையில் செய்த ஹூண்டாய், சென்னை ஷோரூமுக்கு லாரியில் வந்துவிடும். கம்பெனி டீலருக்குப் பில் போடுகிறது, டீலர் நமக்குப் போடுகிறார். ஓர் ஊரில் எக்ஸ் ஷோரூம் விலை எல்லா டீலரிடமும் ஒன்றுதான். பெரிய டீலர் என்றால் கோவையின் ஏ.பி.டி. போல ஊர் ஊராகக் கிளை பரப்பிய குழுமம். சின்ன டீலர் என்றால் மாவட்டத் தலைநகரில் ஒற்றை ஷோரூம் வைத்திருப்பவர், அல்லது பெரிய டீலரின் கீழ் இயங்கும் சப் டீலர். சப் டீலரிடம் பதிவு செய்தால் பில் பெரும்பாலும் தாய் டீலர் பெயரில்தான் வரும். ஆகவே ரசீதில் யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

டீலரின் அளவு மாற்றுவது வண்டி ஒதுக்கீட்டை. அதிகம் விற்பவருக்குக் கம்பெனி அதிக வண்டி அனுப்பும். 2022 ஜூலை 30 அன்று மஹிந்திரா ஸ்கார்பியோ-என் பதிவு திறந்தபோது 30 நிமிடத்தில் ஒரு லட்சம் பேர் 21,000 ரூபாய் கட்டிப் பதிந்தார்கள். அறிமுக விலை முதல் 25,000 பேருக்கு மட்டும். இப்படி அலைமோதும் மாடலுக்குப் பெரிய டீலர்தான் சரி. லாரி அடிக்கடி வரும். வரிசையில் ஒருவர் பின்வாங்கினால் அந்த வண்டி அடுத்தவருக்குப் போகும். அலைமோதாத மாடலில் நிலைமை தலைகீழ். யார்டில் வண்டி நிற்கிறது, மாத இலக்கு கழுத்தை நெரிக்கிறது. அந்த நேரத்தில் சின்ன டீலரின் முதலாளியே எதிரில் உட்கார்ந்து ஒரே பேச்சில் விலையை முடித்துக் கொடுப்பார். பெரிய ஷோரூமில் அதே சலுகைக்கு விற்பனைப் பையன் மூன்று மேலாளரிடம் ஓட வேண்டும். டெலிவரி நாளில் அந்தப் பையன் அங்கே வேலையில் இருப்பான் என்பதும் நிச்சயமில்லை.

தள்ளுபடியிலும் டீலரின் கை முழுச் சுதந்திரமானதல்ல. டீலர்கள் கொடுக்கும் தள்ளுபடிக்கு வரம்பு கட்டினார்கள் என்று மாருதி சுசூகிக்கு 2021 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. ஒரே பிராண்டின் இரண்டு டீலர்களை மோதவிட்டு விலை குறைக்கப் பார்ப்பவர் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பேச்சுக்கு இடமிருப்பது பெரும்பாலும் உபரிகளில்தான்: காப்பீடு, துணைப் பொருட்கள், ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’. காப்பீட்டை வெளியே எடுக்க வாங்குபவருக்கு உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரியே 18 சதவீதம். அதில் யாரும் கை வைக்க முடியாது. பில்லில் உள்ள மற்றக் கட்டணங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிரித்துப் பார்க்கலாம். அதற்குச் சின்ன டீலரிடம் பொறுமை அதிகம்.

இந்தியாவில் காத்திருப்பின் ஆபத்து பெரும்பாலும் காலம்தான், முதல் அல்ல. பதிவுத் தொகை சிறியது. மீதி, வண்டி ஒதுக்கி சேசிஸ் எண் வந்த பிறகே. விலை டெலிவரி நாளில் உள்ளபடி என்ற நிபந்தனை சில வேளை நமக்கே லாபமாகவும் அமையும். 2025 செப்டம்பர் 22 அன்று சிறிய கார்களின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது; முன்பே பதிந்து அதற்குப் பிறகு பில் போட்டவருக்குப் புது வரிதான்.

இலங்கையில் காரின் கதை துறைமுகத்தில் தொடங்குகிறது. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காக்க வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த கதவில் இரண்டு வழிகள். ஒன்று, டொயோட்டா லங்கா, டிமோ, யுனைடெட் மோட்டர்ஸ் போன்ற முகவர்கள்: உற்பத்தியாளரிடமிருந்து புத்தம் புதிய வாகனம், உத்தரவாதம், சொந்த சேர்விஸ். மற்றது, கொழும்பின் புறநகர்களிலும் மாகாண நகரங்களிலும் இருக்கும் ‘கார் சேல்’. ஜப்பான் ஏலத்தில் எடுத்த, ஓரிரு வருடம் ஓடிய வாகனங்கள் பெரும்பாலும் இவர்கள் வழியாகத்தான் வருகின்றன. வேகன் ஆர், வெசல், ரைஸ் எல்லாம் தெருவை நிறைப்பதில் இவர்களின் பங்கு பெரிது.

கார் சேலில் முன்பதிவு செய்வது வேறு அனுபவம். ஏலத் தாளை வட்சப்பில் அனுப்புவார்கள்: தரப் புள்ளி, ஓடிய கிலோமீட்டர், எங்கே கீறல், எங்கே நெளிவு. பிடித்தால் முற்பணம். பிறகு வங்கியில் எல்.சி. (கடன் உறுதிக் கடிதம்) திறக்க வேண்டும், கப்பல் வர வேண்டும், சுங்கத்தில் வரி கட்ட வேண்டும். இந்த இடைவெளியில் மூன்று விஷயங்கள் அசையலாம்: யென்னின் விலை, ரூபாயின் விலை, அரசின் வரி. 2022 மார்ச்சில் டொலருக்கு 200 ரூபாயளவில் இருந்த மதிப்பு சில வாரங்களில் 360 வரை சரிந்ததைக் கண்ட நாட்டில் இது வெறும் பயமல்ல. வரிதான் காரின் விலையில் பெரும் பங்கு. இயந்திரத்தின் சிசி கணக்கில் கலால் வரி ஏறுவதால் சின்ன இயந்திரக் கார்களுக்கு அவ்வளவு கிராக்கி. விலைச் சீட்டின் அடியில் ‘வரி மாறினால் விலையும் மாறும்’ என்ற ஒரு வரி இருந்தால், மாற்றத்தின் சுமை முழுவதும் முற்பணம் கட்டியவருக்குத்தான்.

அதற்காக முகவர் என்றால் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2025-இல் பெரிய முகவர் ஒருவரின் மின்சாரக் கார்கள் நூற்றுக்கணக்கில், மோட்டாரின் கிலோவாட் அளவு பற்றிய ஐயத்தால் சுங்கத்தில் நின்றன; விவகாரம் நீதிமன்றம் வரை போனது. பெரியவரும் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் பெரியவருக்கு வங்கி உத்தரவாதம் கொடுக்கவும் வழக்கறிஞர் வைத்து வாதாடவும் பலம் உண்டு. நாலு கார் கொண்டுவருபவருக்கு அது இல்லை. இந்தியாவில் 2021-இல் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்தியபோது பாடம் வேறு மாதிரி வந்தது: பிராண்டே போய்விட்டால் பெரிய டீலரும் சின்ன டீலரும் ஒன்றாகவே தத்தளிப்பார்கள்.

பேரம் பேசும் பருவம் மட்டும் இரு கரையிலும் உண்டு. இந்தியாவில் அது மாதக் கடைசி, வருடக் கடைசி. இலங்கையில் அதை விதியே உண்டாக்கிவிட்டது: இறக்குமதியான வாகனத்தை 90 நாளுக்குள் பதியாவிட்டால் சி.ஐ.எஃப். மதிப்பில் (விலை, காப்பீடு, கப்பல் கூலி சேர்ந்தது) மாதம் 3 சதவீதம் தாமதக் கட்டணம். மூன்றாவது மாதம் நெருங்கும் கார் யார்டில் நிற்கிறதென்றால், கார் சேல்காரர் விலையில் இறங்கி வருவார். அங்கே வாங்குபவர் வண்டியையும் பார்க்கலாம், ஏலத் தாளின் சேசிஸ் எண்ணோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். இடைவெளி ஆபத்து எதுவும் இல்லை.

பிணக்கு வந்தால் இந்தியாவில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியவர் அங்கேயே வழக்குப் போடலாம். இலங்கையில் நுகர்வோர் விவகார அதிகாரசபையிடம் முறையிடலாம். இரண்டிலும் கையில் எழுத்து இல்லாமல் போனால் பயனில்லை.

ஆகவே என் பரிந்துரை அளவைப் பார்த்து அல்ல, இடைவெளியைப் பார்த்து. இந்தியாவில் கூட்டம் மொய்க்கும் மாடலுக்குப் பெரிய டீலர், யார்டில் நிற்கும் மாடலுக்குச் சின்ன டீலர். இலங்கையில் தரையில் நிற்கும் காரைத் தயங்காமல் சின்னக் கார் சேலில் வாங்கலாம். ஜப்பானிலிருந்து வரவழைப்பதானால் எல்.சி.யை உங்கள் பெயரிலேயே திறக்கச் சொல்லுங்கள். அதற்கு அவர் இசையவில்லை, முழு முற்பணமும் தம் கணக்கில் வேண்டும் என்கிறாரா? கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது முகவரிடம் போவதுதான் மலிவு.