வேலையை எழுதியவர்

நம் நாவல்களில் வரும் மனிதர்களுக்கு உத்தியோகம் உண்டு, வேலை கிடையாது. கதாநாயகன் காலையில் ஆபீசுக்குப் போகிறான், மாலையில் களைத்துத் திரும்புகிறான். இடையில் அவன் என்ன செய்தான் என்று ஆசிரியரும் சொல்வதில்லை, வாசகர்களும் கேட்பதில்லை. விழித்திருக்கும் நேரத்தில் பாதியை விழுங்கிவிடுகிற ஒரு விஷயத்தை ஓரிரண்டு பேரைத் தவிர யாரும் இலக்கியத்துக்கு உரியதாகக் கருதவில்லை. இந்தக் குறையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற அமெரிக்கரின் கட்டுரைகளைப் படித்தேன்.

ஸ்போல்ஸ்கி இலக்கியாசிரியர் அல்ல. கம்ப்யூட்டர்களுக்கு மென்பொருள் எழுதுகிறவர். 1965-இல் நியூ மெக்சிகோவில் பிறந்து, பதினைந்தாவது வயதில் இஸ்ரேலுக்குக் குடிபோனவர். அங்கே பாராசூட் படையில் சேவை செய்தார். 1991-இல் யேல் சர்வகலாசாலையில் பட்டம் பெற்று, மைக்ரோசாஃப்ட் கம்பெனியில் எக்ஸெல் கணக்குத்தாளை உருவாக்கும் குழுவில் சேர்ந்தார். 2000-ஆம் ஆண்டில் நண்பர் ஒருவரோடு நியூயார்க்கில் சொந்தக் கம்பெனி தொடங்கினார். தொழில் அநுபவங்களைத் தம் சொந்தத் தளத்தில் எழுதத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். 2004-இல் அவை புத்தகமாகவும் வந்தன. பின்னால் அவரும் கூட்டாளிகளும் உருவாக்கிய ட்ரெல்லோ 2017-இல் 42.5 கோடி டாலருக்கும், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2021-இல் 180 கோடி டாலருக்கும் விலைபோயின. இந்தப் பணக் கணக்கு நமக்கு வேண்டாம். எழுத்தைப் பார்ப்போம்.

2005-இல் எழுதிய ஒரு கட்டுரையில், இளம் வயதில் இஸ்ரேலில் ஒரு பெரிய ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்ததைச் சொல்கிறார். உள்ளே நுழைந்ததும் அவருக்கு எல்லாம் ஒரே அசிங்கமாகத் தெரிந்தது. ஆனால் அங்கிருந்த அநுபவசாலிகள் சுத்தம் என்று சொன்னது வேறு ஒன்றை. அடுப்பின் வெளிப்புறம் எப்படி இருந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. மாவு போய்வரும் யந்திரங்களின் உட்புறத்தில் காய்ந்த மாவு ஒட்டியிருக்கக் கூடாது. அதில்தான் அவர்கள் கண். சில மாதம் கழித்துத்தான் ஸ்போல்ஸ்கிக்கும் அந்தக் கண் வந்தது. இதிலிருந்து அவர் தம் தொழிலுக்கு வருகிறார். தவறாக எழுதிய நிரல் பார்த்தவுடனேயே தவறாகத் தோன்றும்படி அதில் பெயர்களை வைக்க வேண்டும் என்பது அவர் வாதம். வெளியார் தட்டிய, இன்னும் சோதிக்காத சொற்களுக்கு ஓர் அடையாள எழுத்து. சோதித்து முடித்தவற்றுக்கு வேறோர் எழுத்து. இரண்டும் கலந்தால் அந்த வரி கண்ணை உறுத்தும். கம்ப்யூட்டரைத் தொட்டறியாதவனுக்கும் இது புரியும். காரணம், உவமை அலங்காரமாக வரவில்லை. வாழ்ந்த அநுபவமாக வருகிறது.

1992-இல் அவர் எழுதிய சுமார் ஐந்நூறு பக்கத் திட்டத்தைப் பில் கேட்ஸ் படித்துவிட்டு நேரில் கேள்வி கேட்ட கதை இன்னும் நன்றாக இருக்கிறது. பக்க ஓரமெல்லாம் கேட்ஸ் குறிப்பு எழுதியிருக்கிறார். கேள்விகள் கடுமையாகிக்கொண்டே போய்க் கடைசியில் தேதிக் கணக்கில் வந்து நிற்கின்றன. எக்ஸெலின் தேதிகளும் பேஸிக் மொழியின் தேதிகளும் ஒத்துப்போகுமா? 1900-ஆம் வருஷத்து ஜனவரி, பிப்ரவரி தவிர மற்றவை ஒத்துப்போகும் என்கிறார் இளைஞர். 1900 லீப் வருஷம் அல்ல. ஆனால் லோட்டஸ் 1-2-3 என்ற பழைய கணக்குத்தாள் அதை லீப் வருஷமாக வைத்திருந்தது. அதற்கு இணங்கிப் போவதற்காக எக்ஸெலும் அந்தப் பிழையைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. இல்லாத ஒரு நாளைச் சுற்றி ஒரு மனிதனின் உத்தியோகம் ஊசலாடுகிறது. சிறுகதை ஆசிரியர்கள் பொறாமைப்படக்கூடிய இடம் இது.

எனக்கு அவரோடு சண்டை வருவது 2000-இல் எழுதிய கட்டுரையில். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைத் தூக்கியெறிந்துவிட்டு முதலிலிருந்து மறுபடி எழுதக் கூடாது என்கிறார். நெட்ஸ்கேப் கம்பெனி அப்படிச் செய்து, மூன்று வருஷத்தைப் பறிகொடுத்தது என்று காட்டுகிறார். பழைய நிரலில் அசிங்கமாகத் தெரியும் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் பட்ட கஷ்டத்தின் பலன் என்பது உண்மைதான். பாட்டி காலத்து வீட்டில் கொல்லை வாசலில் இடறும் கல்லைப் பெயர்த்தெறிகிறோம். மழை வந்த பிறகுதான் அது எதற்காக இருந்தது என்று தெரிகிறது. ஆனாலும் கதை அங்கே முடியவில்லை. நெட்ஸ்கேப் அழிந்தது, அந்தத் திருத்தி எழுதலிலிருந்துதான் 2004-இல் ஃபயர்ஃபாக்ஸ் பிறந்தது. கம்பெனிக்கு நஷ்டமானது உலகத்துக்கு லாபமாகவும் ஆகலாம். வியாபாரியின் பேரேட்டில் இந்த வரவுக்குப் பத்தி இல்லை. ஸ்போல்ஸ்கி சிறந்த எழுத்தாளர் என்றாலும், இந்த இடத்தில் வியாபாரியாக மட்டும் நின்றுவிடுகிறார்.

அவருடைய பெரிய குறையும் இதை ஒட்டியதுதான். எல்லா அநுபவமும் கடைசியில் ஒரு சூத்திரமாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு கம்பெனியின் தரத்தை அளக்க ஆம், இல்லை என்று பதில் சொல்லும் பன்னிரண்டு கேள்விகள் வைத்திருக்கிறார். வேலை செய்கிறவர்களுக்கு அமைதியான இடம் உண்டா என்பது அதில் ஒன்று. அந்த ஒரு கேள்விக்காக அவரை எனக்குப் பிடிக்கிறது. ஆனால் ஆளைத் தேர்ந்தெடுக்க வரும்போது, கெட்டிக்காரனா, காரியத்தை முடிக்கிறவனா என்ற இரண்டே கேள்விகளில் நின்றுவிடுகிறார். கெட்டிக்காரனும் அல்லாத, காரியம் முடிக்கவும் முடியாத மனிதன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்வான்? நெட்ஸ்கேப்பில் மூன்று வருஷம் உட்கார்ந்து திரும்ப எழுதியவர்கள் அந்த நாட்களை எப்படிக் கழித்தார்கள்? அவர்கள் இந்தக் கட்டுரைகளில் இல்லை. தோல்வி இவருக்கு ஒரு தவறான முடிவு. அதை ஒருவன் அநுபவித்தான் என்பது கண்ணில் படவில்லை.

பத்து வருஷம் எழுதிய பின், 2010-இல் அந்த முறையில் எழுதுவதை நிறுத்திக்கொண்டார். பிறகு எப்போதாவதுதான் எழுதினார். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று தெரிந்து நிறுத்துவதும் எழுத்தாளனுக்குரிய குணந்தான். தொழில் தெரிந்தவன் தொழிலைப் பற்றி மறைக்காமல், அலங்கரிக்காமல் எழுதினால் அது அந்நியனையும் இழுத்து உட்கார வைக்கும் என்று அவர் நிரூபித்துவிட்டார். அவர் பார்க்காமல் விட்ட மனிதர்களை எழுத வேண்டியது நாவலாசிரியர்களின் பொறுப்பு. அதற்கு முதலில் ஆபீசுக்குள் போய், அங்கே என்ன வேலை நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.