திரையில் ஓடும் பாடம்

கூகுள் பொறியாளர் கென் ஹாரன்ஸ்டீன் காது கேளாதவர். யூடியூப் காணொளிகளில் தானாகவே கேப்ஷன் ஓடும் வசதியை 2009 நவம்பரில் உலகுக்கு அறிவித்தவர் அவர்தான். பத்து ஆண்டுகளில் அது வகுப்பறைக்குள்ளும் வந்துவிட்டது. ஆசிரியர் பேசப் பேச, மாணவரின் கைப்பேசியில் எழுத்து ஓடுகிறது. கூகுள் 2019-இல் வெளியிட்ட ‘லைவ் டிரான்ஸ்கிரைப்’ செயலி தமிழ்ப் பேச்சையும் எழுதித் தருகிறது, அதுவும் இலவசமாக. பள்ளி நிர்வாகங்களை இது எளிதில் கவர்ந்துவிடும். கவலை தருவதும் அதுவே.

கேப்ஷனின் பயனைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. உதட்டசைவை வைத்துப் பாடத்தைப் பிடிப்பது பெரும்பாடு. ‘பாடம்’, ‘மாடம்’ இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். சைகையையோ உதட்டையோ பார்த்துக்கொண்டே நோட்டில் குறிப்பெடுக்கவும் முடியாது. சேமித்து வைத்த கேப்ஷனை மாலையில் உட்கார்ந்து படிக்கலாம். சரளமாக வாசிக்கும் கல்லூரி மாணவருக்கு இது பெரிய விடுதலை.

அமெரிக்காவின் ராச்செஸ்டரில், காது கேளாதோருக்கான தேசியத் தொழில்நுட்பக் கல்லூரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காது கேளாத மாணவர்கள் படிக்கிறார்கள். அது அங்கம் வகிக்கும் பல்கலைக்கழகம் மைக்ரோசாஃப்டுடன் சேர்ந்து வகுப்புகளில் தானியங்கிக் கேப்ஷனைக் கொண்டுவந்தது. பாடத்தின் கலைச்சொற்களை முன்கூட்டியே கருவிக்குப் பழக்கினார்கள். சைகை மொழிபெயர்ப்பாளரை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. திரையும் அவரும் ஒரே வகுப்பில் இருந்தார்கள். ‘சி-பிரின்ட்’ என்ற முறையையும் இதே கல்லூரிதான் உருவாக்கியது. அதில் பயிற்சி பெற்ற ஒருவர் பாடத்தைக் கேட்டு, பொருள் கெடாமல் உடனுக்குடன் தட்டச்சு செய்வார். கருவி எங்கே சறுக்கும் என்று அறிந்தவர்கள், அதற்குத் துணையாக மனிதரை வைத்தார்கள். மற்ற இடங்களில் கருவியை வாங்குபவர்கள் கவனிக்கத் தவறுவது இந்தப் பகுதியைத்தான்.

ஒரு கணக்குப் போடலாம். ஆசிரியர் நிமிடத்துக்கு 120 சொற்கள் பேசுகிறார்; கருவி 95 விழுக்காடு சரியாக எழுதுகிறது. நிமிடத்துக்கு 6 பிழை, 40 நிமிட வகுப்பில் 240. எல்லாப் பிழையும் ஒன்றல்ல. ‘நீரில் கரையாது’ என்பது ‘நீரில் கரையும்’ என்று விழுந்தால் வேதியியலே தலைகீழாகிவிடும். தமிழில் எதிர்மறை பெரும்பாலும் வினையின் கடைசியில் ஒட்டி வருகிறது. வேகமான பேச்சில் முதலில் தேய்வதும் சொல்லின் கடைசிதான். காதால் கேட்கும் மாணவர் சந்தேகம் வந்தால் கையைத் தூக்குவார். திரையை மட்டும் நம்பியிருப்பவருக்குப் பிழை நடந்ததே தெரியாது. இணையப் பாடங்களில் கேப்ஷன் இல்லை, இருப்பதும் பிழை மலிந்தது என்று அமெரிக்கக் காது கேளாதோர் தேசியச் சங்கம் 2015-இல் ஹார்வர்டு, எம்.ஐ.டி. பல்கலைக்கழகங்கள் மீது வழக்கே தொடுத்தது. பெயருக்கு ஒரு கேப்ஷன் என்பது கல்வி ஆகாது.

நம் வகுப்பறைக்குத் தனிச் சிக்கல்களும் உண்டு. ‘இந்த ஈக்வேஷன சால்வ் பண்ணுங்கப்பா’ என்று ஓர் ஆசிரியர் சொல்வது எந்த அகராதியிலும் முழுதாக அடங்காது. கருவி தடுமாறும். தடுமாறாமல் எழுதினாலும், மாணவர் பாடநூலில் கற்ற எழுத்துத் தமிழும் திரையில் ஓடும் பேச்சுத் தமிழும் வேறு வேறு. பேச்சைக் கேட்டே வளராதவருக்கு அது மேலும் ஒரு மொழி. மின்விசிறியின் இரைச்சல், தொலைவில் இருக்கும் மைக், பின்வரிசையிலிருந்து வரும் கேள்வி எல்லாம் அதற்கு மேல்.

எழுத்து சில நொடிகள் பிந்தியும் வருகிறது. ஆசிரியரின் கேள்வி திரையில் தெரிவதற்குள் வேறொருவர் விடை சொல்லிவிடுவார். வகுப்பில் அமர்ந்திருந்தும், உரையாடலில் இடமில்லை.

எல்லாவற்றிலும் கனமான குறை சிறு குழந்தைகள் விஷயத்தில் இருக்கிறது. காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். பலருக்கு வீட்டில் சைகை மொழி இல்லை; பேச்சும் எட்டுவதில்லை. முதல் மொழியே முழுதாக வாய்க்காத மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு ஓடும் எழுத்தால் என்ன பயன்? அங்கே வேண்டியது சைகை மொழியிலேயே அமைந்த பாடம். தில்லியின் இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2018-இல் 3,000 சொற்களோடு காணொளி அகராதி வெளியிட்டது. 2021-இல் அது 10,000 சொற்களானது. பாடநூல்களைச் சைகைக் காணொளிகளாக்க தேசிய அளவில் பாடநூல் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி.யுடன் 2020-இல் ஒப்பந்தமும் போட்டது. இது சரியான திசை. ஆனால் தமிழ்நாட்டின் மாநிலப் பாடத்திட்டத்துக்கு என்.சி.இ.ஆர்.டி. காணொளி அப்படியே பொருந்தாது; காணொளியிடம் குழந்தை திரும்பக் கேள்வி கேட்கவும் முடியாது.

ஆகவே ஒரு பள்ளி இந்தக் கருவியை வகுப்புக்குக் கொண்டுவரும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. சைகை தெரிந்த ஆசிரியர் இருக்கிறாரா? கேப்ஷனைத் திருத்தி மறுநாள் மாணவரிடம் கொடுக்கப்போவது யார்? பின்வரிசை மாணவர் பேசும்போது மைக் அவர் கைக்குப் போகுமா? இவற்றுக்கு விடை இல்லாத இடத்தில், மாதக் கணக்கில் ஓடும் பிழைகளைத் தேர்வு முடிவு வந்த பிறகே பள்ளி கண்டுபிடிக்கும்.