காக்கிக்குள் ஒரு மனிதன்

நமது முற்போக்கு இலக்கியத்தில் பொலிஸ்காரனுக்கு ஓர் உருவமே உண்டு: ஓங்கிய குண்டாந்தடி. அவ்வுருவம் பொய்யன்று. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நாவலும், அதிலிருந்து பிறந்த ‘விசாரணை’ (2015) திரைப்படமும் அடிபட்டவன் பக்கம் நின்று அதனை மெய்ப்பித்தன. ஆயினும், உண்மை அத்துடன் முடிந்துவிடுகிறதா?

2021 டிசம்பர் 24 இரவு, கல்முனைக்குத் தெற்கே திருக்கோவில் பொலிஸ் நிலையத்தில் ஒரு சார்ஜன்ட் தன் சகாக்களையே சுட்டார், நால்வர் மாண்டனர். விடுமுறை மறுக்கப்பட்டமையே காரணமென அன்றைய செய்திகள் கூறின. கொலையை எக்காரணமும் நியாயமாக்காது. ஆனால், ‘பைத்தியம்’ என்ற ஒரு சொல்லால் அதனை மூடிவிடுவது ஆராய்ச்சியாகாது.

இக்கரை 2004இல் கடற்கோளைக் கண்டது; 2019 ஏப்ரல் 26இல் சாய்ந்தமருது வீடொன்றில் குழந்தைகளும் மாண்ட குண்டுவெடிப்பைக் கண்டது. அங்கே சடலங்களைத் தூக்கிய கரங்களின் நடுக்கத்தைச் சொல்ல இடம் எது?

தமிழ்நாட்டில் 2018இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் துணையோடு காவலருக்கான நிறைவாழ்வுப் பயிற்சி தொடங்கிற்று. நன்று. ஆனால், ஓய்வுநாளை மறுக்கும் அதிகாரமே மன அமைதியைப் போதிக்குமாயின் அது வெறும் உபதேசம். துயருற்றவன் தன் நிகரானவனிடம், தன் தாய்மொழியில், பதவியுயர்வுக்கு அஞ்சாமல் பேச வேண்டும். பேசியது மேலதிகாரியின் மேசைக்குப் போகக் கூடாது. லீவும் உரிமையாக வேண்டும்.

இதனைக் கேட்பதால் அடிபட்டவனை நாம் கைவிடுவதில்லை. தடியைப் பிடித்த கையையும், அக்கையைப் பிடித்த அமைப்பையும் சேர்த்துக் காண்பதே யதார்த்தவாதம். அந்தக் கதையை நம் எழுத்தாளர் எழுதட்டும்.