தேர்ந்தெடுக்கிற கை யாருடையது?

ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜியைப் (1904-1980) பற்றி எழுதுகிறவர்கள் அவரது பார்வையின்மையை அற்புதமாக்கிவிடுகிறார்கள். ஒரு கண்ணில் பார்வையில்லாமல், மறு கண்ணில் கடும் கிட்டப்பார்வையோடு பிறந்தவர். 1950களில் கண் அறுவை தவறி மிச்சப் பார்வையும் போனது. அவரிடம் படித்த சத்யஜித் ராய் 1972இல் எடுத்த ஆவணப்படத்தின் பெயர் 'தி இன்னர் ஐ'. அகக்கண்ணாம்!

ஆனால் 1949இல் சாந்திநிகேதனை விட்டு, காத்மாண்டுவில் நேபாள அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியராகப் போனாரே, அது ஒற்றை வரியாகக் கிடக்கிறது. எதைக் காட்டுவது, எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று முடிவெடுக்கிற வேலை அது. ஊனமுற்றவர் படைத்தால் கைதட்டுகிற பொதுப்புத்தி, அவர் தீர்மானிக்கிற இடத்தில் உட்கார்ந்ததைக் கண்டுகொள்வதில்லை.

அகக்கண் சோறு போடாது. முழுப் பார்வையும் போனபின், 1958இல் கலாபவன் அவரைத் திரும்ப அழைத்து ஆசிரியர் வேலை தந்தது. 1972இல் அங்கேயே பீங்கான் ஓடுகளால் சுவரோவியம் செய்தார். நிறுவனம், சம்பளம், மாணவர்கள் எல்லாம் ஒரு முகர்ஜிக்கு இருந்தன. உடுமலைப்பேட்டைப் பக்கத்து அருந்ததியர் தெருவில் காது கேளாத பிள்ளைக்கு, ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு எது இருக்கு?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்து 21 வகைகளை ஏற்கிறது. அதன் 29ஆம் பிரிவு ஊனமுற்ற கலைஞருக்கும் எழுத்தாளருக்கும் உதவச் சொல்கிறது. கலையை அவர்கள் அணுகவும் வழிசெய்யச் சொல்கிறது. படைப்பவராக இருக்கலாம், பார்ப்பவராக இருக்கலாம். கண்காட்சியை அமைப்பவரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

தேர்வு நமக்குப் புதுசா? பனியன் கம்பெனி செக்கிங் மேசையில் நம்ம பெண்கள் பீஸை விரித்ததுமே ஓட்டையும் எண்ணெய்க்கறையும் கண்டு ஒதுக்குறாங்க. அதுக்குப் பேர் கூலி வேலை. குளிரூட்டிய அரங்கில் ஒருத்தர் படங்களைப் பிரிச்சு ஒதுக்கினால் அது அறிவு!

ஆதரவு என்றால் பொன்னாடை அல்ல. சைகைமொழி பெயர்ப்பவருக்குக் கூலி. கூடவரும் துணையாளுக்கு பஸ் செலவு. நேர்காணலில் பேச்சு வராதவர் எழுதித் தர அனுமதி. கூட்டமும் சத்தமும் தாங்காதவருக்கு அமைதியான அறை, கூடுதல் கால அவகாசம். இவற்றைக் கருணைக் கணக்கில் அல்ல, கண்காட்சிச் செலவுக் கணக்கிலேயே எழுதணும்.

பறையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அதற்கு விளக்க அட்டை எழுதும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பது நமக்குத் தெரியும். ஊனமுற்றவர்களின் வாழ்க்கைக்கும் அந்த அட்டையை அடுத்தவர்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். அந்தப் பேனாவைக் கேட்பதில் தலித்துகளும் அவர்களும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியவர்கள். இரண்டுமாகவே பிறந்தவர்கள் அந்த வரிசையின் முன்னால் நிற்கட்டும்.