முதல் விமானம் எது?

ரேடியோ விமானம் ஓட்டப் பழகுகிறவருக்கு மூன்று வழிகளைச் சொல்வார்கள்: பால்சா மரத்தில் கட்டுவது, கைரோ (சாய்வை உணர்ந்து தானே திருத்தும் கருவி) வைத்த ஆயத்த ஃபோம் விமானத்தை வாங்குவது, ஃபோம் போர்டை வெட்டி மடித்து ஒட்டுவது. முதல் விமானம் எப்படியும் விழும். ஆகவே விழுந்தபின் என்ன ஆகும், ஏன் விழுந்தது என்று ஓட்டியவருக்குப் புரியுமா என்ற இரண்டையும் வைத்தே மூன்றையும் எடைபோடுகிறேன்.

பால்சாவுக்கு நான் ரசிகன். சிக் நிறுவனத்தின் கேடட் எல்டி-40 சுமார் 70 அங்குல இறக்கையோடு நிதானமாகப் பறக்கும். ஆனால் வாரக்கணக்கில் உட்கார்ந்து கட்டியதை ஓட்டத் தெரியாதவர் பயமில்லாமல் மேலேற்ற முடியாது. பயந்த விரல் எதையும் கற்காது. பக்கத்தில் ஆசிரியர் இல்லையென்றால் இது இரண்டாவது விமானம்தான்.

ஆயத்த ஃபோம் விமானங்களில் ஹாபிஸோனின் ஏரோஸ்கவுட் எஸ் கெட்டிக்காரத்தனமான தயாரிப்பு. ப்ரொப்பெல்லர் பின்பக்கம் இருப்பதால் மூக்கு குத்தினாலும் தப்பிவிடும். பழகுகிறவருக்கான தொடக்க மோடில் கைரோ அளவுக்கு மீறிச் சாயவிடாது. ஸ்டிக்கை விட்டால் தானே நிமிரும். வாங்கிய அன்றே பறக்கலாம். என் ஆட்சேபம் இந்தத் தானே நிமிர்வதில்தான். எய்லரான் (இறக்கையைச் சாய்க்கும் மடல்) உள்ள சாதாரண விமானத்தைத் திருப்ப, ஸ்டிக்கை ஒரு பக்கம் தள்ளி, இறக்கை சாய்ந்ததும் நடுவுக்குக் கொண்டுவந்து, எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) கொஞ்சம் இழுத்துப் பிடித்து, முடிவில் எதிர்ப்பக்கம் தள்ளி நிமிர்த்த வேண்டும். தொடக்க மோடிலோ திருப்பம் முடியும்வரை ஸ்டிக்கைத் தள்ளியே பிடிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தோடு கைரோ இல்லாத விமானத்தைத் தொட்டால் அது மல்லாந்துவிடும். வால் கனத்திருந்தாலும் கைரோ ஓரளவு சமாளித்துக் காட்டும். கோளாறு கண்ணில் படாது.

ஃபோம் போர்டில் கட்டும் ஃப்ளைட் டெஸ்ட் குழுவின் டைனி ட்ரெய்னருக்கு வரைபடம் இலவசம். ஒரே உடலுக்கு இரண்டு இறக்கைகள்: ரடரும் (மூக்கை இடவலம் திருப்பும் வால் மடல்) எலிவேட்டருமாக ஓட்ட முனை உயர்ந்த ஒன்று, பிறகு எய்லரான் உள்ள மற்றொன்று. முதல் இறக்கையும் தானே நிமிருமே என்று கேட்கலாம். நிமிரும், ஆனால் சோம்பலாக. சீக்கிரம் நேராக வேண்டுமானால் எதிர் ரடர் கொடுத்தே ஆக வேண்டும். இறக்கையைப் பிடித்திருப்பது ரப்பர் பேண்ட் என்பதால் தரையில் இடித்தால் பெரும்பாலும் கழன்றுகொள்ளும். கிழிந்த இடத்தை ஹாட் க்ளூவால் மைதானத்திலேயே ஒட்டலாம்.

கட்டும்போதே பாடமும் தொடங்கிவிடுகிறது. வாலில் க்ளூவைத் தாராளமாக வழியவிட்டவர், இறக்கையடியில் குறியிட்ட இடத்தில் இரண்டு விரலால் தாங்கிப் பார்க்கும்போது மூக்கு மேலே எழும். பேட்டரியை முன்னே தள்ளியும் போதாமல் மூக்கில் எடை கட்டுவார். வால் தூரத்தில் இருப்பதால் அங்கே ஏறிய ஒரு கிராமுக்கு இங்கே இரண்டு மூன்று கிராம் தண்டம்.

இதற்கும் குறை உண்டு. லேசான விமானம் என்பதால் காற்றடிக்கும் பொழுதில் எடுக்கவே கூடாது. ஈரம் பட்டால் ஃபோம் போர்டின் காகிதம் உப்பும். போர்டு எல்லா நாட்டிலும் ஒரே எடையில் கிடைப்பதுமில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் தனியாகப் பழகுகிறவருக்கு என் ஓட்டு டைனி ட்ரெய்னருக்கே. வெட்டி ஒட்டப் பொறுமையில்லாதவர் ஏரோஸ்கவுட்டே வாங்கட்டும். தொடக்க மோடு விரலில் ஊறுவதற்குள், நல்ல உயரத்தில் வைத்து அடுத்த மோடுக்கு மாற்றிவிட வேண்டும்.